சோதனைக் கிணற்றில் நாக்கு வைத்தவன்

1

எனக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த ஊர்ச்சனத்துக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன். தலைமயிர் கொட்டவில்லை, வயது போனதற்குக் கொட்ட வேண்டிய அளவு மட்டும் கொட்டியிருக்கிறது. இருட்டில் மினுங்குகிறேனா என்று கேட்டு எழுதியவர்களுக்கும் சொல்கிறேன், இல்லை.

செய்தி என்னை முந்திக்கொண்டு மன்னார் போய்ச் சேர்ந்துவிட்டது. என் மனைவி றீற்றா தன் தாய்க்குப் போனில் சொன்னாள். மாமி அதை ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சொன்னார். கோயில் வாசலில் சொன்ன கதை பிறகு யார் சொல்லைக் கேட்கும்? விடத்தல்தீவிலிருந்து சேவியர் அண்ணன் போன் எடுத்துவிட்டார்.

"தம்பி, நீ அணுத்தண்ணி குடிச்சிட்டியாம். உண்மையோ?"

"குடிக்கேல்லை அண்ணன். நாக்கில பட்டது."

"அது சரி. என்ன ருசி?"

"உவர்."

"அப்ப கடல் ஏறியிருக்கு."

"அது மீற்றரிலயே காட்டினதுதான்."

"பிறகேன்ரா நக்கினனீ?"

இந்தக் கேள்வியை இங்கே எத்தனையோ பேர், எத்தனையோ மரியாதையான ஆங்கிலத்தில், என்னிடம் கேட்டுவிட்டார்கள். அண்ணன் கேட்டபோதுதான் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் றீற்றா தனக்கும் எங்கள் மகள் ஷெரினுக்கும் விமானச் சீட்டு எடுத்திருந்தாள். எனக்கு எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. இந்த வேலையில் இருக்கும் வரைதான் எனக்கு இந்த நாட்டில் விசா. வேலையை விட்டுப் போனால் இத்தனை வருடம் காத்துக்கிடந்த நிரந்தர வதிவிடம் போய்விடும், ஊரில் கட்டின வீட்டுக்குக் கடன் கட்டுவதும் நின்றுவிடும். ஆகவே நான் இங்கே, அவர்கள் அங்கே என்பதுதான் அவள் போட்ட திட்டம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொன்னாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்தே வரும் என்று நான் நினைத்ததில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2

நான் பார்க்கும் வேலையைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. மாமியின் கணக்கில் நான் எஞ்சினியர். அண்ணனின் கணக்கில் நான் குண்டு செய்கிற இடத்தில் காவல்காரன். இரண்டும் இல்லை. பிரித்தானியாவின் ஒரு கரையில், மூடிப்போன ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. ஊரின் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை. மின்சாரம் எடுப்பதை நிறுத்திப் பல வருடமாயிற்று. ஆனால் இந்தச் சாமான், கடை பூட்டுவது போல ஒரே நாளில் பூட்டக் கூடியது அல்ல. எரிந்து முடிந்த அணு எரிபொருள் கோல்களைக் குளிர வைத்திருந்த குளம் ஒன்று முன்னொரு காலத்தில் கசிந்திருக்கிறது. கசிந்தது மண்ணுக்குள் போயிற்று. மண்ணுக்குள் இருப்பது மெல்ல மெல்லக் கடல் பக்கம் நகர்கிறது.

அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எதைக் கொண்டு நகர்கிறது என்று பார்ப்பதற்காக வளவு முழுக்கக் குழாய்க்கிணறுகள் இறக்கியிருக்கிறார்கள். குடிப்பதற்கல்ல, பார்ப்பதற்கு. நானும் என் கூட்டாளி கொலினும் ஒவ்வொரு கிணற்றிலும் பம்பி வைத்துத் தண்ணீர் எடுப்போம். எடுத்த தண்ணீரில் உப்பு, சூடு, புளிப்பு எல்லாவற்றையும் மீற்றர் காட்டும். எண்கள் ஆடாமல் நின்றதும் போத்தலில் பிடிப்போம், பெயர் ஒட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். வந்த முடிவுகளை வைத்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. ஒழுங்குபடுத்தும் திணைக்களத்துக்கு ஒரு அறிக்கை, ஊர்ச்சனத்துக்கு ஒரு அறிக்கை. ஊர்ச்சனத்துக்கு எழுதியதை அவர்களுடைய மண்டபத்தில் போய் நின்று நானே வாசித்தும் காட்ட வேண்டும். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நண்டும் சிங்க இறாலும் பிடிக்கிற ஆட்கள். நான் வாசிக்க வாசிக்க அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. கந்தோர் ஆட்கள், அதாவது அரசாங்க அலுவலகத்தார், வந்து பேசும்போது எங்கள் ஊரிலும் அப்படித்தான் பார்ப்போம்.

சம்பவம் நடந்தது மழை விட்டிருந்த ஒரு முற்பகல். கடற்சுவருக்குக் கிட்ட இருக்கும் கிணறு. போத்தலை நிரப்பியாயிற்று. கையுறையைக் கழற்றி, அடுத்த சோடியைப் போடுவதற்கு முன்னால் போத்தலில் பெயர் எழுதினேன். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் வழிந்து என் மணிக்கட்டில் ஓடியது. அவ்வளவுதான். கை வாய்க்குப் போனது. நாக்கு அதைத் தொட்டது. உவர்.

மன்னார்க் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாரி முடிந்து வெயில் ஏற ஏற எங்கள் கிணறுகள் உப்பாகிக்கொண்டு வரும். நேற்று தேத்தண்ணிக்கு உதவிய கிணறு இன்று குளிக்கத்தான் உதவும். அதனால் எந்தக் கிணற்றில் அள்ளினாலும், யார் வீட்டில் அள்ளினாலும், வாளி மேலே வந்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி நாக்கில் வைத்துவிட்டுத்தான் குடத்தில் ஊற்றுவோம். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததல்ல. நடக்கப் பழகியது போலப் பழகினது. கிணறு என்று கண்டால் நாக்கு தானாக நீளும்.

இங்கே மீற்றர் என் கண்ணுக்கு முன்னால் உப்பின் அளவைக் காட்டிக்கொண்டு நின்றது. கடற்சுவருக்குக் கிட்ட இருப்பதால் அந்தக் கிணறு உப்பாகத்தான் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் நாக்கு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சும்மா போய் மாட்டிக்கொண்டது.

நிமிர்ந்தேன். கொலின் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது.

"அன்ரன், நீ இப்போது அதை நக்கினாயா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். ஆங்கிலம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது.

3

கொலின் நல்லவன். என் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டு வந்தவன். ஆனால் கண்டதை உடனே அறிவிக்க வேண்டும், யார் என்று பார்க்கக் கூடாது, மூடி மறைத்தால் அறிக்கைக்கே மரியாதை இல்லை என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்தான். கொலினுக்கும் எடுத்திருக்கிறேன். அவன் நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தான். "மன்னித்துக்கொள், நான் சொல்லத்தான் வேண்டும்" என்றான். "சொல்லடா, சொல்லாவிட்டால் நான் உன்னைப் பற்றி எழுத வேண்டி வரும்" என்றேன். இருவரும் சிரித்தோம். சிரிப்பு நிற்பதற்குள் முதலுதவி வண்டி வந்துவிட்டது.

வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்கள். கொப்பளித்ததையும் போத்தலில் பிடித்தார்கள். மூக்கைத் துடைத்து அந்தத் துணியையும் எடுத்துப் போனார்கள். மருத்துவர், மெலிந்த பெண், மிக அமைதியாக, "பயப்பட ஒன்றுமில்லை, நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றார். அந்தக் கிணற்றில் பெரும்பாலும் இருப்பது திரிட்டியம். அது தண்ணீருக்குள்ளே தண்ணீராகவே ஒளிந்திருக்கும். வடிகட்டிப் பிரிக்க முடியாது. உடம்புக்குள் போனால் சிறுநீரோடு வெளியே போய்விடும். வேறு ஏதாவது போயிருக்கிறதா என்று பார்க்க, சில நாட்களுக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் என் சிறுநீரை முழுக்கச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெட்டி நிறையப் பெரிய பிளாஸ்ரிக் போத்தல்களைத் தந்தார்கள். வேலைக்கு வரலாம், மேசையில் இருக்கலாம், கிணறுகள் பக்கம் மட்டும் போகக் கூடாது.

பிறகு விசாரணை. என் முகாமையாளர் ஹெலன், என் எதிரே உட்கார்ந்து, சம்பவத்துக்கான காரணத்தைத் தெரிவு செய்ய வேண்டும் என்றார். பயிற்சி போதாதா? கருவி பழுதா? களைப்பா? அவசரமா?

"பழக்கம்" என்றேன்.

"என்ன பழக்கம்?"

விளக்கினேன். வாளி, உள்ளங்கை, நாக்கு, கோடைகாலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். கடைசியில் "பழக்கத்துக்கு இதில் இடமில்லையே" என்றார். யோசித்து "பயிற்சி போதாது" என்பதைத் தெரிந்தெடுத்தார். பயிற்சி கொடுப்பவன் நான் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு புதிய மஞ்சள் பலகை முளைத்திருந்தது. திறந்த வாய் ஒன்று, அதன் மேல் சிவப்புக் கோடு. முழு வளவுக்கும் யாருடைய வாய் என்று தெரியும். கன்ரீனில் ஒருத்தன் கோப்பியை ஊற்றிவிட்டு "இது உப்பா என்று ஒருக்கால் பார்த்துச் சொல், அன்ரன்" என்றான். சிரித்துத்தான் ஆக வேண்டும். சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

மேசையில் இருந்தவனுக்கு என்ன வேலை? ஊர்ச்சனத்துக்கான அறிக்கை எழுதுவது. அதில் இம்முறை ஒரு புதிய பந்தி: "பணியாளர் ஒருவர் மிகச் சிறிதளவு நிலத்தடி நீரை உட்கொள்ள நேர்ந்தது." எழுதினவனும் நான், அந்தப் பணியாளரும் நான். பெயர் போடக் கூடாது, தனியார் விபரம். என்னைப் பற்றி நானே வெளியில் மூச்சு விடக் கூடாது என்று ஹெலன் இரண்டு தரம் சொன்னார். தண்ணீரைக் கவனித்து அறிக்கை எழுதுகிறவனே அறிக்கைக்குள் இருக்கும் தண்ணீராகிப் போனான்.

4

வீட்டில் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

போத்தல் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் றீற்றா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. ஷெரினைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "உடுப்பைக் கழட்டி வெளியில வையுங்கோ" என்றாள்.

"உடுப்பில ஒண்டுமில்லை றீற்றா. எல்லாம் பாத்துத்தான் விட்டவங்கள்."

"நான் வெளியில வையுங்கோ எண்டு சொன்னனான்."

அன்றிலிருந்து என் சோற்றுக் கோப்பை தனி, தேத்தண்ணிக் குவளை தனி, துவாய் தனி. நான் போன கழிப்பறைக்குள் அவள் பிளீச் போத்தலோடு போவாள். போத்தல்களைக் குளிராக வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். "மீன் வைக்கிற இடத்தில மூத்திரம் வைக்கிற மனிசனை நான் இப்பதான் பாக்கிறன்" என்றாள். போத்தல்கள் கராஜுக்குப் போயின. கொஞ்ச நாளில் என் தலையணையும் முன்னறைக்கு வந்துவிட்டது.

மண்டபத்தில் சனத்துக்குச் சொல்வதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். வாழைப்பழத்திலும் கதிரியக்கம் இருக்கிறது, விமானத்தில் ஊருக்குப் போய் வந்தால் இதைவிடக் கூடுதல், பல்லுக்குப் படம் எடுத்தால் இதைவிடக் கூடுதல். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அறிக்கை வாசிப்பது போலக் கேட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நண்டு பிடிக்கிற ஆட்களின் அதே பார்வை.

"இதெல்லாம் வேண்டாம். உங்கட உடம்பில ஒண்டுமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் விட்டிடுறன்."

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் தொழிலில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. கருவிக்கு ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே இருப்பதை அது காணாது. காணாததை இல்லை என்று எழுத முடியாது. "கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே" என்றுதான் எழுத வேண்டும். வருடக்கணக்காக இப்படி எழுதி எழுதி, பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"முடிவு வரட்டும். வந்தாலும் பெரும்பாலும் அளவுக்குக் கீழே எண்டுதான் வரும்."

"கீழ எண்டால் இருக்கெண்டுதானே அர்த்தம்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"உங்களைக் கட்டினதுக்கு ஒரு கந்தோரைக் கட்டியிருக்கலாம்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. றீற்றா முள்ளிக்குளத்துப் பிள்ளை. படையினர் அவளுடைய சனத்தை ஊரிலிருந்து எழும்பச் சொன்னபோது "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார்கள். பிறகு ஒருவர் வந்து "விரைவில்" என்றார். இன்னொருவர் வந்து "பரிசீலனையில்" என்றார். தகப்பன் மரத்துக்குக் கீழே கொட்டில் போட்டுக்கொண்டு, கடற்படை முகாமின் கம்பிவேலிக்கு அங்காலே தெரிந்த தன் கோயிலைப் பார்த்தபடியே காலமானார். சீராக வாசிக்கப்படும் எந்த வசனத்தைக் கேட்டாலும் அவளுக்கு உடம்பு விறைக்கும். அதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவனைக் கட்டி, இவ்வளவு தூரம் வந்து அகப்பட்டுக்கொண்டாள்.

ஷெரினுக்கு இது எல்லாமே வேறு விதமாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று படம் கீறச் சொன்னபோது என்னைப் பச்சை நிறத்தில் கீறி, நெஞ்சில் மின்னலும் போட்டிருந்தாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது கவலையா என்று கனிவாகக் கேட்டார். வெளியே வந்து மகளிடம் கேட்டேன்.

"ஏன் குஞ்சு அப்பாவைப் பச்சையாக் கீறினனீங்கள்?"

அவள் ஆங்கிலத்தில், நான் ஒரு சூப்பர் ஹீரோ என்றும், அதைத் தன் சிநேகிதிகள் நம்பிவிட்டார்கள் என்றும் சொன்னாள். இந்த உலகத்தில் என்னைப் பற்றிச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவள்தான். எனக்கு எதிராகத் தமிழில் ஒரு வசனம், எனக்கு ஆதரவாக ஆங்கிலத்தில் ஒரு வசனம் என்று எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

5

முடிவு வந்தது. எதிர்பார்த்த அதே வசனம். கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே, எல்லாப் போத்தலிலும். ஹெலன் கை தந்தார். கொலின் முதுகில் தட்டினான். நான் கடுதாசியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

றீற்றா பயணப்பெட்டியை விரித்து வைத்து ஷெரினின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மண்டபக் கூட்டம் வெள்ளிக்கிழமை. விமானம் ஞாயிற்றுக்கிழமை. கடுதாசியை வாங்கிப் பார்த்தாள். திருப்பித் தந்தாள்.

"இதை எழுதினவன் அந்தத் தண்ணியில ஒரு சொட்டுக் குடிப்பானோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை என் தாய் கேட்டு நான் பார்த்திருக்கிறேன்.

சண்டை முடிந்து நாங்கள் விடத்தல்தீவுக்குத் திரும்பிய காலம். கிணறுகளில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இறைத்தார்கள், மருந்துத்தூள் போட்டார்கள். மோட்டார் சைக்கிளில் சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்து, தண்ணீரைச் சோதித்தாயிற்று, நல்ல தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம் என்றார். ஒரு வாளி அள்ளிக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்தோம். சனம் சுற்றி நின்றது. ஒருத்தரும் கை வைக்கவில்லை. அம்மாதான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போனார்.

"ஐயா, நல்ல தண்ணி எண்டால் நீங்கள் ஒரு வாய் குடியுங்கோவன். பிறகு நாங்கள் குடிக்கிறம்."

அந்த மனிதர் கோபிக்கவில்லை. செம்பை வாங்கி, மருந்து மணக்கிற தண்ணீரை மடமடவென்று குடித்தார். முகம் கோணலாகப் போயிற்று. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு வரிசையாக எல்லாரும் குடித்தோம். அன்றைக்கு அவர் கொண்டு வந்த கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இதை றீற்றாவுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, "அப்பிடிப் பாத்தால் அந்தத் தண்ணியைக் குடிச்ச ஒரே ஒரு கந்தோர் ஆள் நான்தான்" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையில் பிடித்திருந்த சின்னச் சட்டையை மடிக்காமல் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நானும் வாறன்."

"எங்க?"

"அந்த மண்டபத்துக்கு. அவங்களுக்கு நீங்கள் என்ன சொல்லுறீங்கள் எண்டு பாக்கோணும். எனக்கு ஒண்டு, அவங்களுக்கு வேறொண்டு சொன்னீங்களெண்டால், ஞாயிற்றுக்கிழமை போனது போனதுதான். பிறகு கூப்பிட வேண்டாம்."

6

மண்டபம் நிறைந்திருந்தது. அறிக்கையை முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். பணியாளர் பற்றிய பந்தியை எல்லோரும் வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். றீற்றா கடைசி வரிசையில், ஷெரினைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, குளிருடுப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஹெலன் எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

கிணறு கிணறாக வாசித்தேன். யாரும் கேட்கவில்லை. பணியாளர் பந்திக்கு வந்ததும் கதிரைகள் அசைந்தன. வாசித்து முடிக்க, முன் வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். மடியில் கைக்குழந்தை.

"அளவுக்குக் கீழே என்றால் பூச்சியமா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்."

ஹெலன் என்னைப் பார்த்தார். ஆம் என்று சொன்னால் அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். கூட்டமும் முடிந்துவிடும். கடைசி வரிசையை நான் பார்க்கவில்லை, ஆனால் அங்கேயிருந்து அவள் என்னைப் பார்ப்பது முகத்தில் சுடுவது போல இருந்தது.

"பூச்சியம் என்று என்னால் சொல்ல முடியாது" என்றேன். "கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே. அதில் ஏதோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், உடம்பைக் கெடுக்கும் அளவு அல்ல. இதற்கு மேல் தெரிந்தது போலச் சொன்னால் அது பொய்."

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். வயதான ஒரு நண்டுக்காரர் எழுந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறவர்.

"உங்களில் யாராவது அதைக் குடிப்பீர்களா?"

"அது குடிநீர் அல்ல, ஆகவே அந்தக் கேள்வி எழாது" என்றார் ஹெலன்.

"ஒருவன் குடித்திருக்கிறானே! எந்த மடையன் அவன்?"

சனம் சிரித்தது. முன் வரிசைப் பெண்ணும் சிரித்தாள்.  நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. ஹெலன் மேசைக்குக் கீழே காலால் என் காலைத் தொட்டார். சொல்லக் கூடாது. அறிக்கை வாசிக்கிற மனிதனாக, அந்த மடையனை முன்பின் அறியாதவன் போல, சிரிப்பு ஓயும்வரை நின்றுகொண்டிருந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் எங்கேயும் நின்றதில்லை. போக வாசல் இல்லை, பேச வாய் இல்லை.

கடைசி வரிசையில் கதிரை கிறீச்சிட்டது.

"மடையன் இல்லை." றீற்றாவின் ஆங்கிலம் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய் வந்த ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். "அது என் கணவர். அங்கே நிற்கிறார். எங்கள் ஊரில், தண்ணீர் நல்லது என்று சொல்ல வருகிறவர் முதலில் குடிக்க வேண்டும். இவர் குடித்துவிட்டு நிற்கிறார். நீங்கள் சிரிக்கிறீர்கள்."

சனம் கடைசி வரிசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. ஷெரின், "அது என் அப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னாள். ஹெலன் கண்ணை மூடிக்கொண்டார்.

கிழவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பின்னால் திரும்பினார்.

"அவரைக் கேவலப்படுத்த நினைக்கவில்லை, அம்மா. எங்கள் கடல் அது. நாங்கள் பயந்துபோய் இருக்கிறோம்."

"நானும்தான்" என்றாள் றீற்றா. உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கூட்டம் வேறு மாதிரிப் போயிற்று. கேள்விகள் வந்தன, கடுமையான கேள்விகள்தான். ஆனால் எல்லாரும் ஹெலனை விட்டுவிட்டு என்னிடமே கேட்டார்கள். கடைசியில் கிழவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். அடுத்தடுத்த கூட்டங்களிலும் இந்த மனிதர்தான் வாசிக்க வேண்டும், சம்மதம் என்றால் கிணறுகளோடு சேர்த்துத் தன் உடம்பின் முடிவையும் சொல்ல வேண்டும் என்றார். கைகள் உயர்ந்தன. ஹெலன் என்னைப் பார்த்தார். மறுக்க எனக்கு என்ன வழி இருந்தது? தலையாட்டினேன். இனி இந்த ஊரை விட்டு நினைத்தபடி அசைய முடியாது. வளவில் இருக்கும் மற்றக் கிணறுகளைப் போல நானும் ஒரு கிணறு, தவணைக்குத் தவணை அள்ளிப் பார்ப்பார்கள்.

காரில் ஏறியதும் ஷெரின் பின்னால் தூங்கிவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. நான் வண்டியை எடுக்காமல் இருந்தேன்.

"எனக்குச் சொன்ன அதே வசனம்" என்றாள் றீற்றா. "ஒரு சொல்லுக்கூட மாத்தேல்லை. அந்தப் பிள்ளை கைக்குழந்தையோட கேக்கேக்கையும் மாத்தேல்லை."

"அப்ப நம்பிறியோ?"

"இல்லை."

"பிறகேன் எழும்பினனீ?"

"என்ர மனிசனைப் பாத்து ஊர் சிரிக்க நான் சும்மா இருக்கிறதோ? அது வேற, இது வேற."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஞாயிற்றுக்கிழமை?"

 கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அங்க போனாலும் ஒவ்வொரு நாளும் போனைப் பிடிச்சுக்கொண்டு, உங்களுக்கு என்னவோ எண்டு பயந்துகொண்டுதான் இருக்கப் போறன். பயப்பிடுறதெண்டால் பக்கத்தில இருந்தே பயப்பிடுறன். வண்டியை எடுங்கோ, பிள்ளைக்குக் குளிருது."